திங்கட்கிழமைச் சபை

மகனே,

சபையின் நாற்பதாம் ஆண்டு மலர் தபாலில் வந்தது. தொகுத்தது நீ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் திறந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

வாடகை மண்டபத்தில் நடந்த முதல் ஞாயிறு ஆராதனையோடு சபை பிறந்ததாம். அதற்கு முந்தைய ஆறு வருஷம் எங்கேடா போயிற்று? ஹாங்காங்கிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த நம் சீன ஆட்கள் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கடையில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பாதி மான்செஸ்டர் நம் கடை வாசலில் நிற்கும். லீவு திங்கட்கிழமை மட்டும்தான். அன்று மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு, அடுப்புகளுக்கு நடுவில் நின்று பாடினோம். ஃபங் அக்கா எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தபடியே ஜெபிப்பாள். "மீன் வாடை அடிச்சா என்ன? ஆண்டவரே கரையில உக்காந்து மீன் சுட்டவர்தானே!" என்பாள். உன் புத்தகத்தில் அவள் பெயரே இல்லை.

போனில் கேட்டால், "கடைக் கதையெல்லாம் எதுக்கும்மா? வெளியாளுங்களும் படிப்பாங்க" என்கிறாய்.

சரி. உனக்கு ஞானஸ்நானம் எங்கே நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? உருளைக்கிழங்கு ஊறவைக்கும் தொட்டியில், ஒரு திங்கட்கிழமை. பன்னிரண்டு வயதில் முட்டியை மடக்கி உள்ளே உட்கார்ந்தாய். நடுங்கிக்கொண்டு எழுந்தவனைத் துண்டால் போர்த்தியது ஃபங் அக்கா.

அந்தத் திங்கட்கிழமைகள் சேர்த்தி இல்லை என்றால், உனக்கு இன்னும் ஞானஸ்நானமே ஆகவில்லை.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். வா.

உன் அம்மா