முழங்காலைப் பற்றி நான் எழுதவில்லை

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டிகளும் சேர்ந்தன. மனசு மட்டும் இன்னும் வழியில் எங்கேயோ நிற்கிறது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த வீட்டில் சுவர் மெல்லிசு. நான் பேசுவதை யார் எங்கே நின்று கேட்பார்கள் என்று தெரியவில்லை. எழுதினால் யாருக்கும் கேட்காது.

பதினோரு வருஷம் வெளிநாட்டில் அடுத்தவர் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவன், சொந்த வீட்டில் சுவிட்சைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். ஃபேனுக்கென்று தட்டினால் வாசல் விளக்கு எரிகிறது. "விடுங்கப்பா, நான் போடறேன்" என்று மகள் எழுந்து வருகிறாள். காலேஜ் போகிற பெண். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதை. சமையலறையில் அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனால் சிரிப்பு நின்றுவிடும்.

அதைக்கூட விட்டுவிடலாம். வேறொன்று உறுத்துகிறது. வந்த மறுநாள் காலை உன் அண்ணி டீ கொடுத்தாள். சர்க்கரை இல்லை. நம் அறையில் சர்க்கரையை விட்ட கதையை நான் வீட்டில் சொன்னதே கிடையாது. படுக்கப் போனால், அறையில் நான் வைத்துப் படுத்த மாதிரியே, தலையணைக்குப் பதில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறாள். குளியலறை விளக்கை அணைக்காமல் கதவை லேசாகத் திறந்து விடுகிறாள், இருட்டில் எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்த மாதிரி. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இவளுக்கு இதையெல்லாம் யார் சொன்னது?

சாயங்காலமானால் துணி எடுக்கிறேன் என்று போனோடு மொட்டை மாடிக்குப் போகிறாள். கொடியில் துணியே இல்லாத அன்றும் போகிறாள். நேற்று பின்னாலேயே ஏறினேன். "அவர் வர்றார் போல, வச்சுடறேன்" என்றாள். யார் என்று கேட்டேன். அவள் வேலைக்குப் போகிற கண்ணாடிக் கடையில் கூட இருப்பவர்களாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நீ என்ன நினைக்கிறாய்? ஒளிக்காமல் எழுது.

உன் லிஃப்ட் அண்ணன்


பிப்ரவரி 21

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டான். குறட்டை விட்டால் ஜன்னல் ஆடுகிறது. ஓட்டல் சலவைக்கூடத்தில் பெரிய மிஷின் படுத்துவிட்டதால், மலை மாதிரி விரிப்புகளை நாங்களே கையால் அலசுகிறோம். உங்களைத் திட்டுவதற்கு நான் ஒருத்தன் இல்லையே என்று நீங்களும் ஏங்குவீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணே, புது இடம் மாதிரி இருப்பதால் எல்லாம் அப்படித் தோன்றுகிறது. பெண்கள் ஆயிரம் பேசுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடாதீர்கள். அண்ணி அப்படிப்பட்டவர் இல்லை. டீயைக் குடித்தோமா, டம்ளரை வைத்தோமா என்று இருங்கள்.

அப்புறம், முழங்கால் வீக்கம் வற்றும் வரை ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். ஃபேனை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் இஸ்திரித் தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

முழங்காலைப் பற்றி நான் எழுதவில்லை.

உனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் விழுந்தேன். மெக்கானிக் ஸ்டூலிலிருந்து விழுந்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அறைக்குள் என்னோடு இருந்தது உன் அண்ணி மட்டும்தான்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அண்ணி அப்படிப்பட்டவர் இல்லை" என்கிறாய். அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ அவளைப் பார்த்ததே இல்லை. நான் காட்டிய போட்டோ ஒன்றைத் தவிர.

இப்போது முன்னறையில் படுக்கிறேன். அவளிடம் பேசுவதில்லை. என்ன கோபம் என்று ஒரு தரம் கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. உன் பதில் ஒன்றுதான் பாக்கி.

மாடியில் அவள் பேசுவது உன்னிடமா? ஆமாம் என்றால் எத்தனை நாளாக, எதற்காக?

இவண்,
உன் அறையில் இருந்தவன்


மார்ச் 17

அண்ணே,

ஆமாம். என்னிடம்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் கண்டு நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்களே, அன்றைக்கு உங்கள் போன் அடித்தது. நான் எடுத்தேன். அண்ணி. உள்ளதைச் சொன்னேன். மறுவாரம் நீங்கள் எழுந்து உட்கார்ந்து அவரிடம் பேசினீர்கள். "நல்லா இருக்கேன், எனக்கென்ன" என்றீர்கள். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். அன்றைக்கே என் நம்பரைத் தேடிப்பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் வாரம் தவறாமல் வீட்டுக்குப் பேசுவீர்கள். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், பொண்ணு படிக்கிறாளா. இதற்கு மேல் நீங்கள் ஒன்று பேசி நான் கேட்டதில்லை. உங்கள் முதுகுவலி, இருட்டில் உங்களுக்கு மூச்சு முட்டுவது, டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தச் சொன்னதும் நீங்களும் கூடவே நிறுத்தியது, இதெல்லாம் அண்ணிக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் திரும்பி வருவது முடிவானதும் அடிக்கடி கூப்பிட்டார். ஒரு நாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, அவருக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டா எனக்குத் தெரியாது. நீங்கதான் அவரோட இருந்தீங்க. வர்றவருக்கு இது யார் வீடோன்னு தோணிடக் கூடாது. கொஞ்சம் சொல்லிக் கொடுங்க." பொண்டாட்டிக்குத் தெரியாததை ரூம்காரனிடம் கேட்டாளே என்று நீங்கள் வருத்தப்படுவீர்களாம். அதனால்தான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் அண்ணே, வேறொன்றும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சூப்பர்வைசரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கிளம்பி வந்தால் கட்டிலைக் காலி செய்யச் சொல்கிறேன். ஆனால் ஒன்று. என் வீட்டிலிருந்து இதுவரை யாரும் உங்களைக் கூப்பிட்டு, இவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதில்லை. ராத்திரி படுத்தால் எனக்கு அந்த நினைப்புதான் வருகிறது.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன்மேல் கோபம் முழுசாகப் போகவில்லை. போகும். உன் கடிதத்தை முதலில் நம்பவும் இல்லை. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எழுதியது என்றுகூட நினைத்தேன். என் புத்தி அந்த அளவுக்குப் போயிருந்தது.

அவள் பின்னாலேயே அலைந்தேனே, அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உன்னை மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேன், அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள்.

கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தாள். "இப்ப எதுக்கு இது?" என்றாள். இந்த வீட்டில் சந்தேகம் இனி அவள் முறை போலிருக்கிறது. சும்மாதான் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பிடிக்குமாம். குழந்தையை உட்கார வைத்து உட்கார வைத்து அந்த இடம் அவளுக்குக் கிடைத்ததே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் பிடித்து, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவள் ஜன்னலோரம். போகும்போது வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது எனக்கு ஏன் இருட்டில் மூச்சு முட்டுகிறது என்று அவளிடம் சொன்னேன், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அன்றைக்கு நடந்ததை. அது உனக்கே தெரியாது. உனக்கும் சொல்லப் போவதில்லை.

உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. சூப்பர்வைசரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி அவள் கூப்பிட்டால் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. என்னையே கேட்கட்டும்.

உன் வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்கட்டும் என்று காத்திராதே. நீயே உன் மனைவிக்கு எழுது. விரிப்புகளைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி. எனக்கு எழுதுவதைவிட நீளமாக எழுது.

என்றும் உன் அண்ணன்