அப்வூலி என்பவர் யார்?

ஜூலை 4, வியாழன்

அந்தப் பெண் என் பேத்தி அல்ல. என் தங்கையின் பேத்தியும் அல்ல, என் கணவர் வழியில் எங்கோ ஒளித்து வைத்திருந்த உறவும் அல்ல. சந்தையில் சொல்கிறார்கள், கோயில் வாசலில் சொல்கிறார்கள். இன்று காலை பால்காரர்கூட எனக்கு வாழ்த்துச் சொன்னார். ரெஸ்டி குனிஹிரா என்ற அந்த மாணவியை நான் பேச்சுப் போட்டி மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு மணி, ஒரு தண்ணீர்க் குவளை. அவ்வளவுதான் உறவு.

பக்கத்து வீட்டு பாசிகாசியா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ரகசியமா ஒரு பேத்திய வளர்த்திருக்க. எங்களுக்கு ஒரு வாய் டீகூடக் கிடையாதா?"

"கம்பாலாக்காரன் உளறினா நீயும் உளறணுமா?"

"நான் எங்க உளறினேன்? மூக்கு உன்ன மாதிரியே இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

என்னைப் போல இல்லை. அவளுக்கு நல்ல மூக்கு.

ஜூலை 5

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். பிறர் சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் தொழில்.

போன சனிக்கிழமை கன்னியர் பள்ளி மண்டபத்தில் மாவட்டப் பேச்சுப் போட்டி. நடத்தியது தலைநகர் கம்பாலாவில் இருக்கும் ஒரு மாணவர் மன்றம். தலைப்பு, 'உலகத்தின் பிரச்சினை, என் வாசலில்'. நடுவர்கள் மூவர், அதில் நான் ஒருத்தி. தலைமையாசிரியை சிஸ்டர் கொரெட்டி என்னை அறிமுகப்படுத்தும்போது வழக்கம்போல "நம்ம அப்வூலி" என்றார். முதலிடம் பெறுபவர் ஆகஸ்டில் கம்பாலாவுக்கு, இறுதிப் போட்டிக்குப் போவார்.

எல்லாப் பிள்ளைகளும் "மதிப்பிற்குரிய நடுவர்களே" என்று தொடங்கி உலகத்தைக் காப்பாற்றினார்கள். ஒருவன் இரண்டு முறை காப்பாற்றினான். ரெஸ்டி மட்டும் வேலிக்கு அப்பால் நிற்கும் யாரிடமோ பேசுவதுபோல் தொடங்கினாள். "அப்வூலி, ராத்திரி தூங்குனீங்களா? மறுபடி ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சாமே?" விதிப்படி பேச்சு ஆங்கிலம்தான். அந்த ஒரு பெயர் மட்டும் எங்கள் மொழி. ஆற்றங்கரையிலிருந்து மெல்ல மலைக்கு ஏறினாள். ருவென்சோரி உச்சியில் பனி சுருங்குவதைச் சொன்னாள், மழை காலம் தவறி வருவதைச் சொன்னாள், நாம் பார்த்திராத தேசங்களின் புகைபோக்கிகளைச் சொன்னாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே கேள்வி. "அப்வூலி, இது யார் பார்த்த வேலை?"

குறைகளும் இருந்தன. மேசைமேல் சாய்ந்தாள். மணி அடித்த பிறகும் பேசினாள்.

முதல் பரிசு அவளுக்கு. தோற்ற பள்ளியின் ஆசிரியர் டுமுசிமே தெற்கே அங்கோலேப் பகுதிக்காரர், எங்கள் ஊருக்குப் புதியவர். அவர் மன்றத்துக்குப் புகார் சொல்லிவிட்டார். மாணவி மேடையிலிருந்தே நடுவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், இவர்களுக்குள் ஏதோ உறவு இருக்கிறது என்று.

ஜூலை 6

நேற்று எழுதாமல் விட்டது. மன்றத்தின் செயலாளர் லுபேகா புதன்கிழமையே தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. அப்வூலிங்கறது நீங்கதானா?"

"ஆமாம்."

"அது போதும் மேடம். நன்றி." வைத்துவிட்டார்.

இதைக் கேட்ட சிஸ்டர் கொரெட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"கேட்டது உண்மைதானே, சிஸ்டர்?"

"மண்டபத்துல பாதிப் பேரு அப்வூலின்னும் சொல்லியிருக்கலாமே!"

"அத அவர் கேக்கலையே."

எங்கள் டோரோ மக்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் வைத்த பெயர் ஒன்று, அதற்கு மேல் அன்பாகவும் மரியாதையாகவும் கூப்பிட ஓர் எம்பாகோ. எம்பாகோப் பெயர்கள் அப்வூலியையும் சேர்த்து மொத்தமே ஒரு டஜன்தான். அதை ஊர் முழுக்கப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறோம். கம்பாலாவில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா? நானாகப் போய் விளக்க மாட்டேன். புகாரை எழுதி அனுப்பட்டும், எழுதிப் பதில் சொல்கிறேன்.

ஜூலை 8

ரெஸ்டியின் பெயரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை தொழில் வழிகாட்டிக் கண்காட்சிக்கு லுபேகா வருகிறார், அங்கே விசாரித்து முடிவாம். என் 'ஆமாம்'தான் ஆதாரமாம்!

ஜூலை 9

மழை. வெளிக் கதவருகே அவள். நடுவரும் போட்டியாளரும் சந்திக்கக் கூடாது என்று உள்ளிருந்தே சொன்னேன்.

"உள்ள வரல, மேடம். மன்னிப்புக் கேக்க வந்தேன். நான் உங்களக் கூப்பிடல. எங்க பக்கத்து வீட்டு அப்வூலியத்தான் நெனச்சுப் பேசினேன். அவங்க கட்டில் ரெண்டு தடவ ஆத்தோட போயிருச்சு."

"தெரியும். போ."

"கம்பாலா போனா அவங்களப் பத்தி அங்கயும் சொல்லலாம்னு..."

"குடை இருக்கா?"

இல்லையாம். என்னுடையதைக் கதவுக்கு மேலே நீட்டினேன். இது சந்திப்பு ஆகாது.

என்ன பண்ணிட்டேன் நான்? கூட ரெண்டு வார்த்தை பேசியிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்? அவளுக்கு நான் போட்ட மதிப்பெண்ணைச் சொன்னால் உறவு என்ற பேச்சே எழாது. எந்தப் பேத்திக்கும் யாரும் அப்படிப் போட மாட்டார்கள். ஆனால் மதிப்பெண்ணை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்தேன். இங்கேகூட எழுத மாட்டேன்.

இன்னொன்றை எழுதலாம். மேடையிலிருந்து முதல்முறை "அப்வூலி" என்று வந்தபோது நான் நிமிர்ந்துவிட்டேன். என் கணவர் அதெனாசி போன பிறகு எல்லோருக்கும் நான் மேடம்தான். சிஸ்டரைத் தவிர அந்தப் பெயரை யாரும் இப்போது அப்படிச் சொல்வதில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு நொடி நானும் நினைத்தேன். டுமுசிமேயை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

ஜூலை 13, சனி

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

மண்டபம் முழுக்க மேசைகள். வங்கி, தாதியர் பயிற்சி, போலீஸ், வானிலை அலுவலகம். 'நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்' என்ற அட்டையோடு எனக்கும் ஒன்று. இரண்டு மாணவிகள் மட்டும் வந்தார்கள். "நீதிபதி தப்பா பேசினா நீங்க திருத்தலாமா?" என்று கேட்டார்கள். முடியாது என்றதும் ஆர்வம் போய்விட்டது. ரெஸ்டி வானிலை மேசையை விட்டு நகரவில்லை. பனியை எதால் அளப்பது, யார் ஏறிப் போய் அளப்பது, பெண்களை எடுப்பீர்களா என்று அந்த மனிதரைப் பேச விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லுபேகா வந்தார். பளபளக்கும் காலணி, சின்ன வயது. சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"அப்வூலி என்பவர் தயவுசெய்து மேடைக்கு வரவும்."

நான் எழுந்தேன். வங்கி மேலாளர் எழுந்தார். போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வானிலை அலுவலகத்து மனிதர் ரெஸ்டியிடமிருந்து தப்பிய மகிழ்ச்சியோடு எழுந்தார். மாணவர்களில் ஒரு கூட்டமே எழுந்தது. சமையலறையிலிருந்து ஒரு பெண் அகப்பையோடு ஓடி வந்தாள். "கூப்பிட்டீங்களா? பீன்ஸ் இன்னும் வேகல!"

லுபேகா ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். மறுபடி தூக்கினார். "இவங்க எல்லாருமா?"

"இன்னும் ரெண்டு பேர் சந்தைக்குப் போயிருக்காங்க," என்றார் சிஸ்டர்.

அப்போதுதான் டுமுசிமேக்குப் பக்கத்தில் அவர் மனைவி எழுந்தாள். அவள் எங்கள் ஊர்ப் பெண். இடுப்பில் குழந்தை.

"நீ எதுக்கு எந்திரிக்கிற?" என்றார் அவர்.

"என் பேரச் சொன்னாங்க, எந்திரிச்சேன். கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், என்னை அப்வூலின்னு கூப்பிடுங்கன்னு. ஒரு காதுல வாங்கினாத்தானே! நம்ம வீட்லயே ஒரு அப்வூலி இருக்கறது தெரியாம, ஊர் அப்வூலி மேல புகார் சொல்லப் போயிட்டாரு!"

மண்டபம் அதிர்ந்தது. டுமுசிமேயும் சிரித்துவிட்டார். பாவம், வேறு என்ன செய்வார்? தானே மேடைக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றார். நல்ல மனிதர்தான்.

லுபேகா என்னிடம் வந்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

ரெஸ்டி கம்பாலாவுக்குப் போகிறாள். எம்பாகோ இல்லாமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது முறையல்ல என்று சிஸ்டர் லுபேகாவுக்கு 'அராலி' என்று வைத்தார். உடனே நாலைந்து அராலிகள் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

ஜூலை 14

பூசை முடிந்ததும் டுமுசிமே வாசலில் நின்று மனைவியை "அப்வூலி!" என்று உரக்கக் கூப்பிட்டார். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. பழகிக்கொள்வார்.

ஜூலை 30

குடை திரும்பி வந்தது. விசாரணை முடிந்துவிட்டதால் உள்ளே வரச் சொன்னேன். பால் டீ குடித்தாள். பாசிகாசியா வேலியிலிருந்து மூக்கை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது ரெஸ்டி, "வர்றேன், அப்வூலி" என்றாள். இந்த முறை என்னைத்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று கம்பாலாவுக்கு அனுப்பியதன் நகல்:

அன்புள்ள அராலி,

இறுதிப் போட்டிக்கும் என்னை நடுவராக அழைத்தமைக்கு நன்றி. ஏற்க இயலாது. போட்டியாளரோடு உறவு உள்ளவர் நடுவராக இருக்கக் கூடாது என்பது உங்கள் விதி. மாவட்டப் போட்டியன்று எனக்கு எந்த உறவும் இல்லை. இன்று இல்லை என்று என்னால் எழுத்தில் தர முடியாது.

மேலும், நடுவர்கள் கைதட்டக் கூடாது. எனக்குக் கைதட்ட வேண்டும்.

ஆகவே பார்வையாளர் பகுதியில், முன்வரிசையில், இரண்டு இருக்கைகள் வேண்டும். ஒன்று எனக்கு. மற்றது ஆற்றங்கரையிலிருந்து வரும் அப்வூலிக்கு. இருக்கைகள் உண்டா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். தொலைபேசி வேண்டாம்.