எதிர்வீட்டுத் தூக்குவாளி

எங்கே இருந்தாலும் என் வசவு எட்டுகிற தூரத்தில்தான் இருப்பாய் என்று நான் நம்புகிற அம்மாவுக்கு,

சாந்தமாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உன் மேல் எனக்கு அம்புட்டுக் கோபம். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன் வீட்டை ஒழித்துப் பார்த்ததில்லை.

தையில் நீ போனாய். மாசியில் அப்பாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து நான் திண்டுக்கல்லில் நம் வீட்டிலேயே தங்கி, காலையில் மில் பஸ் பிடித்து வேடசந்தூர் போய் வருகிறேன். பகலில் எதிர்வீட்டு மல்லிகா அக்காதான் அவரை எட்டிப் பார்த்துக்கொள்கிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் வாக்கரை அவர் முன்னால் வைத்து, "காலையும் சாயங்காலமும் வீட்டுக்குள்ளயே நடக்கணும் தாத்தா. விட்டுட்டா அப்புறம் ஏலாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

நடக்கலாம். எங்கே நடப்பது? நீ வைத்துவிட்டுப் போன வீட்டில் வாக்கர் நுழைய இடம் எங்கே இருக்கிறது? கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஈய அண்டா, ஓட்டைக் குடம், மூடி தொலைந்த மிக்ஸி ஜார், மிக்ஸியே இல்லாத மிக்ஸி அட்டைப்பெட்டி. கட்டிலடியில் பாத்திரம், பாத்திரத்துக்குள் பாத்திரம். போன வாரம் ஒரு தூக்குவாளியின் கைப்பிடிக்குள் வாக்கரின் கால் மாட்டி அப்பா சரிந்து விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. மனசுதான் முறிந்துவிட்டது. "போதும்த்தா, நான் இப்படியே கெடந்துட்டுப் போறேன்" என்று கட்டிலோடு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். மில்லில் ஸ்டோர்ஸ் முழுவதும் என் பொறுப்பு. பியரிங் ஆகட்டும், பெல்ட் ஆகட்டும், கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் கிடைக்கும். தேவையில்லாத சாமானில் சிவப்பு அட்டை கட்டிவிடுவோம். யாரும் வந்து கேட்காவிட்டால் அது பழைய இரும்புக்குப் போய்விடும். நடக்கிற வழிக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்குள் ஒரு நூல்கண்டு கிடந்தாலும் நான் சத்தம் போடுவேன். அப்படிப்பட்டவளின் அப்பா ஒரு தூக்குவாளி தடுக்கி விழுகிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்று மில்லில் சிரிக்க மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அட்டையும் மஞ்சள் டேப்பும் வாங்கி வந்து இறங்கிவிட்டேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே காவல்.

"ஏத்தா, அந்த அண்டாவ எடுக்காத. உங்கம்மா தேடுவா."

"அம்மா எங்கிட்டுப்பா இருக்கு, தேடுறதுக்கு?"

நான் நிறுத்தவில்லை. அண்டா, குடம், ஜார் எல்லாவற்றிலும் அட்டையைக் கட்டி வாசலுக்குத் தள்ளினேன். அழுதுகொண்டேதான் தள்ளினேன், அதையும் தெரிந்துகொள்.

பிறகுதான் கட்டிலடிக்குக் குனிந்தேன். அங்கே உருட்டி வைத்திருந்த ஒன்றுகூட நம்முடையது இல்லை! கிண்ணத்தில் வெட்டியிருந்த பேர் தையல்காரர் வீட்டம்மாவுடையது. தூக்குப்போசியில் கடைசி வீட்டுச் சரசு. டிபன் டப்பாவில் யாரோ ஒரு ராமலட்சுமி, கூடவே அவள் கல்யாணத் தேதி. அப்பாவைத் தள்ளிவிட்ட தூக்குவாளியின் விளிம்பில் 'மல்லிகா'.

எனக்குப் புரிந்துவிட்டது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. அது ஊர் வழக்கம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கை சீனியைப் போட்டுக் கொடுத்திருந்தால் தீர்ந்தது. அதற்கும் நீ மாட்டாய். "சீனியப் போட்டுக் குடுக்குறது ஆளத் துரத்துற மாதிரி" என்பாய். முருங்கை காய்க்கட்டும், அதிரசம் சுடும்போது பார்க்கலாம், ஆடி வரட்டும் என்று தள்ளித் தள்ளி, ஊரார் பாத்திரம் எல்லாம் நம் கட்டிலடியில் குடியேறிவிட்டது. உன் வழக்கத்துக்கு அப்பாவின் காலா கிடைத்தது?

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டேன். வெறுமையாகத்தான் கொடுப்பேன், என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு வீம்பு. முதலில் தையல்காரர் வீடு. கிண்ணத்தை நீட்டினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்த இரு செல்வி" என்று உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டு வந்தது. "இது உங்கம்மா குடுத்து விட்டது. நானும் எதாச்சும் போட்டுக் குடுப்போம் குடுப்போம்னு வச்சிருந்தேன்." இரண்டிலும் உன் பேர்.

சரசு வீட்டில் ஒரு போசி கொடுத்து மூன்று வாங்கினேன். சரசு வழிகாட்டிய வீட்டில் ராமலட்சுமி உன் இட்லிக் குண்டானையே எடுத்துக்கொண்டு வந்தாள். மூடி வேறு தனியாக. வேண்டாம் என்றால் விடுகிறார்களா? தெருவே உன்னைப் போலத்தான் இருக்கிறதம்மா. ஒழிக்கப் போனவள் முதுகு வளையச் சாக்கைச் சுமந்துகொண்டு திரும்பினேன்.

கடைசியாக மல்லிகா அக்கா. அது வாளியைக் கையாலேயே தொடவில்லை.

"இது பொங்கலுக்கு உங்கம்மாவுக்கு நான் சக்கரைப்பொங்கல் குடுத்து விட்டது. எளவு விழுந்த வீட்ல இருந்து வெறும் வாளிய வாங்குவேனா? கொண்டு போ."

"அக்கா, அப்பா இதுலதான் விழுந்தாரு."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அதுக்குத்தான் சொல்றேன். நல்லபடியா நெறஞ்சு வரட்டும். அப்ப வாங்கிக்கிறேன்" என்றது.

வீட்டுக்கு வந்து சாக்கை நடுவீட்டில் கவிழ்த்தேன். தங்குதங்கென்று உருண்டது. "போச்சு! இருந்ததுக்கு ரெட்டிப்பாக் கொண்டாந்திருக்கேன்!" என்று கத்தினேன். அப்பா சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு சிரிப்புதானே.

"உங்கம்மாவ ஒழிக்க ஒன்னால ஆகுமாத்தா?"

ஆனாலும் நான் விடவில்லை. வாசலில் கிடந்ததைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். உன் பாத்திரங்களில் வேண்டியதை மட்டும் அலமாரியில் அடுக்கிவிட்டு, மற்றதை மில் விடுதிச் சமையலுக்குக் கொடுத்தேன். கட்டிலடி துடைத்துவிட்டாற்போல் ஆனது. கட்டிலிலிருந்து வாசற்படி வரை இரண்டு மஞ்சள் கோடு ஒட்டினேன். "இதென்ன வீடா, மில்லா?" என்று முனகினார். முனகட்டும். ஆனால் வழி இருந்தும் அவர் இறங்கவில்லை. கோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?

மறுநாள் நான் மில்லுக்குக் கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"பின்னால முருங்க காச்சிருக்காத்தா?"

"காய்ச்சிருக்குப்பா."

"நாலு பறிச்சு அந்த வாளியில போடு. நான் மல்லிகாகிட்டக் குடுத்துட்டு வாரேன்."

ஏன் என்று கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். நீ காத்திருந்த காய்தான் அம்மா, நல்ல சதைப்பற்று. பறித்துப் போட்டால் வாளிக்கு வெளியே முழ நீளம் நீட்டிக்கொண்டு நின்றது. வாளியை வாக்கர் கம்பியில் மாட்டிவிட்டேன். அவரைத் தள்ளிய அதே கைப்பிடி.

கோட்டுக்குள்ளேயே வந்தார். இடது காலை இழுத்து இழுத்து வந்தார். படியில் மட்டும் நான் தோளைக் கொடுத்தேன். தெருவில் இறங்கியதும் என் கையைத் தட்டிவிட்டார். மல்லிகா அக்கா தன் வாசலில் நின்றது. ஓடி வந்து பிடித்திருக்கலாம். வரவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாங்கண்ணே, பையப் பைய வாங்க" என்று மட்டும் சொன்னது. மில் பஸ்ஸை விட்டுவிட்டு நான் நடுத்தெருவில் நின்றேன்.

நீ எதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தாய்? மறதியா, வறட்டு வழக்கமா, இல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் போக ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாய். என் கோபம் இன்னும் தீரவில்லை. பரண் மிச்சம் இருக்கிறது, அங்கே என்னென்ன வைத்திருக்கிறாயோ.

அப்பா திரும்பி வரும்போது வாக்கரில் அதே வாளிதான் ஆடிக்கொண்டு வந்தது. உள்ளே சூடாகக் குழிப்பணியாரம்.

அலமாரியில் ஒரு தட்டை ஊரார் பாத்திரத்துக்கென்று ஒதுக்கிவிட்டேன். ஒரே ஒரு தட்டுதான், அதற்கு மேல் கேட்காதே. அதில் மட்டும் சிவப்பு அட்டை கட்ட மாட்டேன். எந்தப் பாத்திரமும் அங்கே ஊறிக் கிடக்காது, எதுவும் வெறுமையாகவும் போகாது. சத்தியம். கொண்டு போய்க் கொடுக்க வீட்டில் ஆள் நடக்கிறது.

இத்தனை திட்டியும் உன்னை ஒழிக்கத் தெரியாத
உன் மூத்த மகள்,
செல்வி