குங்குமம் வைத்த டிவிடி ரைட்டர்

அன்புள்ள மகன் சிவபிரகாஷுக்கு, செம்பட்டியிலிருந்து அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் போனில் கேட்டால் 'சாப்ட்டேன் சாப்ட்டேன்' என்று நீ சொல்கிற வேகத்தைப் பார்த்தால் முழுசாக நம்ப முடியவில்லை. வத்தலக்குண்டு பழனிக்குமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறானாம், உன் கேம்ப்பிலேயேதான் இருக்கிறான் என்பதால் எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் முறுக்கு எல்லாம் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். முறுக்கை வழியிலேயே அவன் தின்றுவிட்டால் சண்டை போடாதே. எல்லாவற்றுக்கும் நடுவே அப்பாவின் புதுத் துண்டில் சுற்றி உன் தங்கச்சி மணிமேகலை கல்யாண டிவிடி இருக்கிறது. அந்த ஒரு டிவிடிக்காக இந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதியில் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய்.

ஸ்டுடியோக்காரர் ஆவணியில் எடுத்த படத்தை ஐப்பசியில்தான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். டிவிடியும் நானே போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, 'எம்மகன் வாங்கி வச்ச ரைட்டர் வீட்ல கெடக்கு, ஊரான் எதுக்கு' என்று உன் அப்பா வீறாப்பாக வந்துவிட்டார். போட்ட முதல் டிவிடியில் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. இரண்டாவதில் மாப்பிள்ளையே வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் அங்கே நீ தவித்த தவிப்பு எங்களுக்குத் தெரியும், படமாவது ஒழுங்காக உன் கைக்கு வரவேண்டும், பழனிக்குமாரை விட்டால் அடுத்து யார் எப்போது வருவார்களோ என்று அவருக்கு ஒரே பதைப்பு. அப்போதுதான் உன்னிடம் போனில் யோசனை கேட்டார். வேகத்தைக் குறைத்துப் போடுங்கள், டிவிடி எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்காதீர்கள் என்று நீ சொன்னாய், அவ்வளவுதானே? அதை அவர் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, ஃபேன் போடக்கூடாது, நான் பக்கத்தில் நடந்தால்கூட 'ஏய், அதிருதுல்ல' என்று ஒரு அதட்டல். மாடு கன்று போடும்போதுகூட அவர் இப்படிக் கூடவே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் ஊர் கரண்டைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, முக்கால்வாசி எழுதியிருக்கும்போது போய்விட்டது. அன்றைக்கு மிக்ஸி ஓடாததால் தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் இல்லை, வெறும் ரசம்தான்.

கெட்டுப்போன டிவிடிகளை எல்லாம் கொய்யா மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார், வெயிலில் பளபளவென்று ஆடினால் கிளி வராதாம். மரம் முழுக்க உன் தங்கச்சி கல்யாணம். கடைசியில் நான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்ப, கம்ப்யூட்டர் பெட்டியையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போனார், நானும் கூடவே போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சௌகத் அலி கடை இருக்கிறதே, நீ கம்ப்யூட்டர் வாங்கிய இடம். அவர் ரைட்டரைக் கழற்றித் திறந்தார், செத்த நேரம் உள்ளேயே பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே குங்குமம்! ஆயுத பூசை அன்றைக்கு மோட்டார், மண்வெட்டி, ஸ்பிரேயர் எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு, உன் அப்பா இதன் தட்டை வெளியே இழுத்து அதிலும் சந்தனம் குங்குமம் வைத்து, விபூதியும் தூவி, சூடம் காட்டி உள்ளே தள்ளியிருக்கிறார். தட்டில் வைத்தது காய்ந்து உதிர்ந்து, டிவிடி சுழலச் சுழலப் பறந்து, லென்ஸின் கண்ணையே மூடிவிட்டது. அப்பா விடுவாரா, 'வருசா வருசம் மோட்டாருக்கும்தான் வைக்கிறேன், அது ஓடலையா' என்று அவரிடமே வாதாடினார். 'அண்ணே, பொட்டை நெத்தியில வைங்க, நாக்குல வைக்காதீங்க' என்று சௌகத் அலி சொல்லி, சுத்தமாகத் துடைத்து, காற்றடித்துக் கொடுத்தார். ரொம்பச் சிரிக்காதே ராசா, கீபோர்டைத் திருப்பித் தட்டியபோது அவர் மேசையில் ஒரு பிடி முறுக்குத் தூள் கொட்டியது, அது யார் தின்றது என்று எனக்குத் தெரியும்.

இப்போது ரைட்டருக்கு என் பழைய சேலையில் தைத்த உறை, டிவிடியை விளிம்பில் மட்டும்தான் பிடிக்கவேண்டும், பெயரைப் பால்பேனாவால் எழுதக்கூடாது, போட்டு முடித்ததும் நம் வீட்டு டிவியில் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். அப்படி ஓட்டிப் பார்த்ததில்தான் வந்தது வினை. தாலி கட்டியது நன்றாக ஓடியது, ஆனால் மச்சான் மோதிரம் போடும் இடம் வந்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்க் கொய்யா மரத்தில் கட்டிவிட்டார். இன்னொன்று போட்டார், அதுவும் அதே இடத்தில் நின்றதாம், அதையும் கட்டினார். பழனிக்குமார் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது, மனிதர் முகமே செத்துப்போனது. அடுத்ததைப் போட்டபோது நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. ஐயர் கை நீட்டியபடி நிற்கிறார், மாப்பிள்ளை நிற்கிறார், யாரும் அசையவில்லை. அப்பா நிறுத்தப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குத்துவிளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தம்பி.

உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று உன் தங்கச்சி தடுத்துவிட்டாள். உனக்குப் பதிலாக உன் பெரியப்பா மகன் மணிமாறனை மோதிரம் போட அப்பாதான் ஏற்பாடு செய்திருந்தார். அந்த நேரம் அவர் பந்தியில் சாம்பார் பற்றாமல் ஓடிக்கொண்டிருந்ததால் மேடையில் நடந்தது அவருக்குத் தெரியாது. மணிமாறன் மோதிரத்தை எடுத்ததும் மணிமேகலை அவன் கையைப் பிடித்து, 'வேணாண்ணே, எங்கண்ணன் வந்து போடட்டும்' என்று சொல்லிவிட்டாள். மண்டபமே திகைத்து நின்றது. மணிமாறன் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே மோதிரத்தை என் கையில் கொடுத்தான். ஸ்டுடியோக்காரர் மேளச் சத்தத்தை மேலே சேர்த்துவிட்டதால் அவள் பேசியது படத்தில் கேட்காது, கேமராவும் அப்போது மாப்பிள்ளை பக்கம்தான் இருந்தது. ஏற்பாடு செய்த மனிதர் சங்கடப்படுவார் என்று நாங்களும் மூடிவைத்துவிட்டோம். இப்போது சொன்னதும் அப்பா 'கிறுக்குப்புள்ள' என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அப்புறம் போய் அந்த இரண்டு நல்ல டிவிடியையும் மரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, டிவிடியின் மேல் டீ கிளாஸை வைக்காதே. நீ நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்கப் பழனிமலையானை வேண்டிக்கொள்கிறேன். அந்த இடம் வரும்போது படம் நின்றுவிட்டது என்று வெளியே எடுத்துத் துடைக்காதே, விளக்கைப் பார். மோதிரம் பீரோவில் இருக்கிறது, மாப்பிள்ளையின் விரல் இன்னும் வெறும் விரல்தான். லீவு கேட்கும்போது இதையும் சொல்லிக் கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சண்முகவள்ளி
(பக்கத்தில் உட்கார்ந்து, ரைட்டர் மேல் தப்பில்லை என்று எழுதச் சொல்லும் அப்பா கருப்புசாமி)