தண்ணீரின் மேல் போட்ட பழி

கொருக்குப்பேட்டையில் நீ வேலை பார்த்த பெயர்ப்பலகைக் கடைக்குப் போன வாரம் போயிருந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பலகை செய்ய வேண்டியிருந்தது. உள்ளே யாரோ அக்ரிலிக் எழுத்துகளைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தித்திப்பான நெடி மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துவிட்டது. உன் சட்டையில் எப்போதும் இருந்த நெடி அது. நீ போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் பழகத் தொடங்கிய காலம் அது. செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. நீ காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆனால் படகில் ஏறினால் வாந்தி. "கடலு எனக்கு ஒத்துக்கல மாமு. அதான் போர்டு ஒட்டிகினு கீறேன்" என்பாய். ராயபுரத்து பிரௌசிங் சென்டர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடல்நீர் மீன்தொட்டிகளின் படங்களைப் பார்த்தோம். அங்கேதான் பழக்கமானோம். ஆறு மாதத்தில் உன் வீட்டு அறையில் ஒரு சின்னத் தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருந்த குழந்தைகள் டாக்டரம்மா நம்மைக் கூப்பிட்டார். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் பார்க்க, கிளினிக்கில் பெரிய தொட்டி ஒன்று வேண்டும் என்றார். பாறைகள், பூப்போல விரிகிற கடல் சாமந்தி என்ற பிராணி, அதற்குள் புகுந்து விளையாடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். இது நன்றாக அமைந்தால் இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்து கடை வைப்பது என்று பேசிவைத்திருந்தோம்.

எல்லாம் முடிவாகி, ஸ்கிம்மரில் வந்து நின்றது. ஸ்கிம்மர் என்றால் என்ன என்று டாக்டரம்மா கேட்டதற்கு நீ சொன்ன விளக்கத்தை யாரும் மிஞ்ச முடியாது. "கரையில நுரை ஒதுங்குது இல்லம்மா, அதான் இது. தண்ணில கீற அழுக்க நுரை புடிச்சிகினு மேல ஏறும். அது அழுகிப் போறதுக்கு முன்னாடி நாம அத எடுத்துக் கொட்டிடணும்."

நீயே ஒன்று செய்து கொண்டுவந்தாய். மூன்றரை அடி உயர அக்ரிலிக் குழாய், அடியில் காற்றைப் பொடிக் குமிழியாக்க ஒரு மென்மரத் துண்டு, உச்சியில் நுரை சேரும் கிண்ணம். உன் வீட்டில் இரண்டு மாதம் ஓடி, டீ நிறத்தில் அழுக்கைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஆஸ்பத்திரிச் சாமான் போல இருந்தது. நான் கப்பலில் வேலை செய்கிற ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து ஒன்று வரவழைத்திருந்தேன். கைக்கு அடக்கமானது, தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் மறைந்துவிடும். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த லிட்டர் கணக்கும் நம் தொட்டிக்குச் சரியாக இருந்தது.

"பொட்டில எழுதிகீறது வெறும் தண்ணிக்கு மாமு" என்றாய். "நம்ம தொட்டில மீனு கீது. துன்னும், கழியும், ஒருநாளு சாவும். ரெண்டு மடங்கு பெருசா வைக்கணும்."

"கிளினிக்ல போய் ட்ரெயினேஜ் பைப் மாதிரி ஒண்ண நிறுத்தச் சொல்றியா?" என்றேன். பக்கத்தில் நின்ற கிளினிக் கம்பவுண்டர் சிரித்தார். நீ உன் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாய்.

ஆனால் மறுநாள் தொட்டிக்குக் கடல்தண்ணீர் கொண்டுவர நீதான் போனாய். உன் அண்ணனை அனுப்பினால் கரையோரத்திலேயே மொண்டுவிடுவார், அங்கே எண்ணெய் மிதக்கும் என்று அவர் படகில் நீயே ஏறி, நிறம் மாறி நீலமாகத் தெரிகிற தூரம் வரை போய், கேன்களை நிரப்பி வந்தாய். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. "குடலே வெளிய வந்துட்ச்சி. ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி கீது பாரு" என்றாய்.

நான்கு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் மூடியிருந்தபோது, பெரிய கடல் சாமந்தி செத்துக் கரைந்து தண்ணீரைக் கெடுத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை தெருவரை நாற்றம். ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். நான் வரவழைத்த சின்ன ஸ்கிம்மரின் கிண்ணம் நிரம்பி, அழுக்கு நுரை மறுபடி தொட்டித் தண்ணீருக்குள்ளேயே வழிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினேன்.

"எதனால இப்படி ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார். நீ அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தாய்.

"தண்ணி சரியில்ல மேடம்" என்றேன். "இந்தப் பக்கத்துக் கடல்தான் உங்களுக்குத் தெரியுமே."

நீ என்னைப் பார்த்தாய். அலமாரியைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னாய். வாசலுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டாய்.

"என்னிய சொல்லியிருக்கலாமே மாமு. தண்ணிய சொல்ட்டியே."

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன். அந்த நாற்றத்தில் நின்று தொட்டியை வாளி வாளியாகக் காலி செய்தது நீ ஒருவன்தான். அதற்குப் பிறகு கடைப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ சண்டையாவது போட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ.

நான்கு வருடம் கழித்து பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் எதிரில் வந்தாய். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. "இன்னா மாமு, தொட்டி கிட்டி வச்சிகினு கீறியா?" என்று பழைய மாதிரியே கேட்டாய். இல்லை என்றேன். பேச நேரம் இருந்தது. உன் பெண் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். உன் ரயில் வந்தது. அடுத்து உன்னைப் பற்றி நான் கேள்விப்பட்டது, கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்பதுதான். அதுவும் எட்டு நாள் கழித்து.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து நேராக கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது. நடந்ததை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க மீன்தொட்டி இருந்துச்சா?" என்றார்.

அங்கிருந்து காசிமேட்டுக்குப் போய் உன் அண்ணனிடம் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார். "இத அவனாண்ட சொல்லியிருக்கணும்பா. என்னாண்ட வந்து இன்னாத்துக்கு சொல்ற?" பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்னிடம் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இணையத்தில் உண்டு. தொட்டி இல்லாவிட்டாலும் அதில் இருக்கிறேன். எந்த ஸ்கிம்மர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான்தான் முதலில் பதில் எழுதுவேன்: பெட்டியில் இருக்கும் கணக்கு வெறும் தண்ணீருக்கு, இரண்டு மடங்கு பெரிதாக வாங்குங்கள். பல வருடங்களாக இதை என் சொந்த அனுபவம் போல எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அதையே எழுதினேன். இதைச் சொன்னது நானல்ல, காசிமேட்டில் இருந்த என் நண்பர், அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு தொட்டியையே சாகடித்தவன் நான் என்று, உன் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

இன்று காலை அவர் நன்றி சொல்லியிருக்கிறார். இன்னும் சில சந்தேகங்கள் இருக்கின்றன, உங்கள் நண்பரின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை.