வலது கண்ணின் தண்ணீர்

என்னங்க,

நீங்களும் மகளும் நலம்தானே? உங்கள் முதுகு வலி குறைந்ததா? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

என் வலது கண்ணில் ஓயாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீட்டு நினைப்பில் அழுகிறேன் என்றே தையல் கூடத்தில் எல்லோரும் நினைத்தார்கள். காலர்த் துணியில் சொட்டு விழுகிறது என்று சூப்பர்வைசர் திட்டினார். "அழுதா மட்டும் ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

இமை வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதித்ததில், கண்ணீர் சுரக்கும் இடத்தில் நிணநீர்ப் புற்றுநோய். அங்கே வருவது அபூர்வமாம். டாக்டர் தன் மாணவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றுகூட இத்தனை பேர் என் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

பயப்படாதீர்கள். வேறெங்கும் பரவவில்லை. கதிர்வீச்சு, அதுதான் கரண்ட் வைப்பது என்பார்களே, அதில் குணமாகிவிடும் என்கிறார்கள். ஆனால் வேலையில் இருக்கும்வரைதான் இன்சூரன்ஸ். விமானம் ஏறி ஊருக்கு வந்தால் வைத்தியம் நின்றுவிடும். இங்கேயே இருந்தால் உங்களைப் பார்க்க முடியாது. ஜன்னல் திறக்காத அறையில் படுத்து இதையே புரட்டிப் புரட்டி யோசிக்கிறேன்.

மகள் போர்த்திக்கொள்கிறாளே என் பழைய புடவை, அதில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். கண் துடைக்கத்தான். துவைக்க வேண்டாம்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கண்ணில் கண்ணீர் வற்றிவிடுமாம். இனி வீடியோவில் மகளிடம் பேசும்போது இடது கண்ணை மட்டும் மறைத்துக்கொண்டால் போதும்.