இடது முட்டி

செப்டம்பர் 14, ஞாயிறு

தேசியக் கால்பந்துக் கோப்பையில் காலிறுதிக்குப் போய்விட்டோம். இன்று தோற்றிருந்தால் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான், இந்தக் கோப்பையில் இன்னொரு ஆட்டம் கிடைத்திருக்காது.

இன்றைய எதிரணியில் கோல் அடிக்கிறவன் லாரன்ஸ். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு. போன வருடம் அவன் முட்டியில் ஆபரேஷன் ஆனபோது, நான்கு மாதம் என் பைக்கில்தான் அம்பத்தூருக்கு பிசியோதெரபிக்குப் போனான்.

நேற்று கோச் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்த முட்டிப்பா அது?"

சொன்னேன்.

இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரமாகியும் கோல் விழவில்லை. பந்து தாண்டிப் போன பிறகு அவன் இடது முட்டியில் என் காலை இறக்கினேன். ஐஸ் வைத்துக் கட்டிவிட்டவன் நான், இடம் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டியதோடு விட்டுவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி லாரன்ஸ் என் கையைப் பிடித்தான். "நீ வோணும்னு பண்லன்னு எனக்குத் தெரியும் மச்சான். அழுவாத."

நான் அழவில்லை. அது வியர்வை.

அவன் போன பத்தாவது நிமிடம் கோல் போட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலிறுதியில் நாங்கள் மோதப்போகும் அணியின் பட்டியலை என் மடியில் வைத்தார்.

"இதுல உனுக்கு யாரையாச்சும் தெரியுமா?"

ஒரு பெயரின் மேல் விரல் வைத்தேன். வலது கணுக்கால் என்று, அவர் கேட்பதற்கு முன்பே, நானே சொன்னேன்.